துட்டின் விலையும் பெறுமதியும்

பழங்காசொன்று அகப்பட்டதும் எழும் முதல் வினா, “இது என்ன விலை போகும்?” என்பதே. விளிம்பு கோணி, எழுத்துச் சிதைந்து, பச்சை பூத்து, வழக்கத்துக்கு மாறாகத் தோன்றும் காசாயின் அது இலட்சம் பெறும் என்ற நம்பிக்கையும் உடன் எழும். இந்நம்பிக்கை பிழையானது. அதனினும் பிழையானது அவ்வினா.

விந்தைத் தோற்றம் வேறு, அருமை வேறு. உவர்நீரிலும் உவர்மண்ணிலும் கிடந்த செம்பை உப்பு அரிக்கும். அணியாகக் கோக்கத் துளையிடப்பட்ட காசுகளும் உண்டு. இவை சேகரிப்போர் கணக்கில் விலையைக் குறைக்கும் ஊனங்களேயன்றி உயர்த்தும் சிறப்புகள் அல்ல. அச்சிடும் வேளையில் நேர்ந்த வழு மட்டுமே அவர்களால் விரும்பப்படுவது. பின்னர் நேர்ந்த சிதைவை வழுவென்று விற்பது வணிகரின் சாதுரியம். சில காசுகளில் விந்தையென்று தோன்றுவது அறியாமையின் விளைவேயாகும். 1828இல் இலங்கைக்கென அச்சிடப்பட்ட அரைப் பார்திங், பென்னியின் எட்டிலொரு பங்கு. அதன் சிறுமை குறையன்று. அதன் இயல்பே அது.

பழமை மட்டும் விலை தருமோ எனின், அதுவும் இல்லை. ‘வீ’, ‘ஓ’, ‘சீ’ எழுத்துகள் பின்னிய முத்திரையுடைய ஒல்லாந்தக் கம்பனியின் செப்புத்துட்டு, 1726 முதல் ஒல்லாந்தின் பல மாகாண அச்சகங்களிற் பெருந்தொகையாக அடிக்கப்பட்டது. நான்கு துட்டு ஒரு ஸ்தைவர். ‘துட்டு’ என்னும் சொல்லே அக்காசின் பெயரிலிருந்து தமிழுக்கு வந்ததெனில், அது எத்துணை மலிந்து புழங்கியது என்பது வெளிப்படை. மலிந்தது அரிதாகாது.

ஆயின் சந்தையில் மலிந்த அத்துட்டே வரலாற்றுக்கு அரிய சான்றாகலாம். 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய புளியந்தீவுக் கோட்டைக்குள் ஒரு துட்டுக் கிடைப்பது வியப்பன்று. அதே துட்டுகள் வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்களிற் பல இடங்களிற் கிடைக்குமாயின், கம்பனியின் சில்லறை எதுவரை சென்றது, உழவரும் வணிகரும் எப்பணத்திற் கொண்டு கொடுத்தனர் என்னும் வினாக்கள் பிறக்கும். ஒரு காசு எதையும் நிறுவாது. இடமறிந்த நூறு காசுகள் ஒரு தேசப்படத்தையே வரைந்துவிடும். கிடைத்த இடம் மறக்கப்பட்ட அன்றே காசு ஊமையாகிறது. புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், எஞ்சிய எழுத்தும் போய்விடும்.

வறியவர் கையிற் கிடைத்ததை விற்பதில் தவறென்ன என்று கேட்பாருளர். கேள்வி நியாயமானது. தொல்பொருளைக் கண்டெடுத்தால் அறிவிக்கவேண்டும் என்கிறது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம். உரிமம் பெறாது அதை நாட்டைவிட்டுக் கொண்டுசெல்வதையும் அது தடுக்கின்றது. ஆனால் அறிவிக்கச் செல்பவனை ஐயுறவோடு நோக்கினால் அவன் வணிகனையே நாடுவான். பழி அவனை மட்டும் சாராது. ஏடுகளையும் கல்வெட்டுகளையும் போற்றும் அறிஞருலகம் செப்புச் சில்லறையை ஏளனஞ் செய்யும்வரை, அதற்கு விலை பேசுபவன் வணிகன் ஒருவனே.

ஆகவே முதற்கடன் கற்றோருடையது. கிடைத்த இடம், ஆழம், எடை, விட்டம், இருபுற ஒளிப்படம் ஆகிய ஐந்தையும் எவரும் பதிந்து வைக்கலாம். பெருநிதியோ பேரறிவோ இதற்கு வேண்டியதில்லை. வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கும் நாட்டில், வாவிக்கரைக் காசின் பெறுமதியை வணிகன் தராசு தீர்மானிப்பது அக்காசுக்கு இழுக்கன்று, கற்றோர்க்கே இழுக்கு.