நிறுவனம் வளர்ந்துவிட்டது, மேலாளர் வளர்ந்தாரா?

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது தெரியும். நன்றாகப் பால்மரம் வெட்டுபவரை மண்டோர் ஆக்குவார்கள். சிலர் அதிலும் சிறந்து விளங்கினர். சிலருக்கோ மரங்களைக் கையாளத் தெரிந்த அளவுக்கு ஆட்களைக் கையாளத் தெரியவில்லை. அது அவர்கள் குற்றமன்று. வேலை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இன்று இந்தியர்கள் நடத்தும் லாரி, உணவு, துப்புரவு, பாதுகாவலர் நிறுவனங்கள் பலவற்றில் அதே சிக்கல் தலைதூக்குகிறது. இரண்டு லாரியோடு தொடங்கிய காலத்தில் கூட நின்றவர், இருபது லாரி ஓடும்போது நிர்வாகியாக இருக்கிறார். அந்தப் பொறுப்புக்கு அவர் இன்னும் பொருத்தமானவர்தானா என்பதை முதலாளியால் வாய்விட்டுக் கேட்க முடிவதில்லை.

இ-இன்வாய்ஸ் எனும் மின்-விலைப்பட்டியல் முறை இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாமல் செய்துவிட்டது. ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்டில் அது கட்டாயமானது. 2025 ஜூலையில் 5 மில்லியனைத் தாண்டியவற்றுக்கும், 2026 ஜனவரியில் 1 முதல் 5 மில்லியன் வரை உள்ளவற்றுக்கும் விரிந்தது. ரசீதுகளை ஃபைலில் அடுக்கி வைத்து, மாதக் கடைசியில் கணக்கை முடித்துப் பழகிய மூத்த கணக்கு நிர்வாகிக்கு இது பெரிய மாற்றம்.

மாற்றம் தேவை என்பதைக் காட்டும் அறிகுறிகள் பொதுவாக ஒரே மாதிரியானவை. எல்லா முடிவுகளும் ஒருவர் மேசையிலேயே தேங்கி நிற்கும். கணக்கு விவரம் கேட்டால் ஒவ்வொரு மாதமும் தாமதமாகும். அவருக்குக் கீழ் சேரும் திறமையான இளைஞர்கள் ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போவார்கள். ஊழியர்கள் அவரைத் தாண்டி நேரே முதலாளியிடம் வருவார்கள். முதலாளியே இரவில் உட்கார்ந்து அவர் வேலையைச் செய்துகொண்டிருந்தால், முடிவு ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று பொருள்.

ஆனால், அறிகுறி தெரிந்தவுடன் ஆளை மாற்றுவதும் சரியன்று. அவருக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டதா, உதவிக்கு ஆள் இருந்ததா, எதிர்பார்ப்பு என்னவென்று தெளிவாகச் சொல்லப்பட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களைக் கொண்ட முதலாளிகள் பெரும்பாலான துறைகளில் எச்ஆர்டி கோர்ப் நிறுவனத்துக்குச் சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி செலுத்துகிறார்கள். அந்தப் பணம் பயிற்சிக்கே உரியது. அதைப் பயன்படுத்தாமல் கிடக்கவிட்டு, "அவருக்குக் கணினி தெரியாது" என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

பதவி விலகல் அவமானம் என்ற எண்ணமும் மாற வேண்டும். திருச்சியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் ஃப்ரெஷ்வொர்க்ஸ். அது 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குச் சென்றது. 2024 மே மாதம் அவர் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை டென்னிஸ் உட்சைடிடம் ஒப்படைத்தார். உட்சைட் 2022-லேயே நிறுவனத்துக்குள் கொண்டுவரப்பட்டவர். அதாவது, நாற்காலி காலியாகும் முன்பே அடுத்தவர் அருகில் இருந்தார். ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்புவும் 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டு, தலைமை அறிவியலாளராக ஆய்வுப் பணிக்குச் சென்றார். நிறுவனர்களே இடம் மாறுகிறார்கள் என்றால், நிர்வாகிகள் மாறுவதில் இழிவு ஏதுமில்லை.

சிறிய நிறுவனங்களுக்கும் இதில் பாடம் உண்டு. பழைய நிர்வாகிக்கு வாடிக்கையாளர்களின் குணம் தெரியும். எந்த ஓட்டுநரை எந்தப் பாதைக்கு அனுப்பலாம் என்பது தெரியும். அந்த அறிவு வீணாகாத பொறுப்பை உருவாக்கலாம். புதியவரோடு சில மாதங்கள் சேர்ந்து வேலை செய்யவைக்கலாம். சம்பளத்தையும் மரியாதையையும் குறைக்காமல் இதைச் செய்ய முடியும்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. நேரில் பேசத் தயங்கி, மேசையை மாற்றி, அதிகாரத்தைப் பறித்து, அவரே வெறுத்துப்போய் விலகட்டும் என்று காத்திருப்பது. ஒப்புதலின்றி ஒருவரைப் பதவி இறக்குவது மறைமுகப் பணிநீக்கமாகக் கருதப்படலாம். 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் 60 நாள்களுக்குள் புகார் செய்ய முடியும். ஊழியர்களும் இந்தக் கால வரம்பை நினைவில் வைத்திருப்பது நல்லது.

மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் பாதிப்பு அந்த ஒருவரோடு நிற்பதில்லை. குத்தகை கைநழுவினால், சம்பளம் தாமதமானால், அங்கு வேலை செய்யும் எல்லாக் குடும்பங்களும் தவிக்கும். விசுவாசத்துக்கு நன்றி காட்ட வேண்டும். ஆனால், பொறுப்பைத் திறமையைப் பார்த்தே கொடுக்க வேண்டும். மற்றவரைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்கும் முதலாளி, ஆண்டுக்கு ஒரு முறையாவது தம்மைப் பற்றியும் கேட்டுக்கொள்வது நல்லது.