பயணம் ஒருவருக்கு, பாரம் ஒருவருக்கு

1922ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், எவரெஸ்ட் மலையின் வடபுறச் சரிவில் பனி சரிந்து ஏழு பேர் மாண்டனர். எழுவரும் பிரித்தானிய மலையேற்றக் குழுவின் மூட்டைகளைச் சுமந்து சென்ற மலைநாட்டுக் கூலியாட்கள். அவர்களுக்கு முன்னே கயிற்றில் பிணைந்து சென்ற ஆங்கிலேயரையும் அச்சரிவு புரட்டிப் போட்டது; ஆயினும் அவர்கள் உயிரோடு எழுந்து வந்தனர். அவ்வாறு பிழைத்தவருள் ஒருவர் ஹோவர்ட் சாமர்வெல் என்னும் மருத்துவர். அப்பயணம் முடிந்தபின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்ட அவர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நெய்யூரில் இருந்த மருத்துவமனையைக் கண்டார். அங்கே குவிந்திருந்த நோயாளரின் துயரையும் கண்டார். இலண்டனில் காத்திருந்த வாழ்வைத் துறந்து நெய்யூரிலேயே பணியில் அமர்ந்தார். பின்னாளில் வேலூரிலும் தொண்டாற்றினார். மாண்ட எழுவருள் ஆங்கிலேயர் ஒருவரும் இல்லை என்னும் உண்மை அவர் நெஞ்சை இறுதிவரை அறுத்துக்கொண்டே இருந்தது. தம்மவருள் ஒருவரேனும் அவர்களோடு மாண்டிருக்கக் கூடாதா என்னும் பொருள்பட அவர் எழுதியும் வைத்தார்.

அந்த மனச்சான்று மலையேற்ற உலகின் பொதுச்சொத்தாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 18 காலையில் அதே மலையின் தென்புறத்தில், கும்புப் பனியருவியின் மேலே தொங்கிய பெரும்பனிப்பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. பதினாறு பேர் மாண்டனர். பதினாறு பேரும் நேபாளத்து உழைப்பாளர். அயல்நாட்டார் பின்னர் ஏறுவதற்காகக் கயிறும் கூடாரமும் உணவும் மேல்முகாமுக்குக் கொண்டு சென்றவர்கள் அவர்கள். மூவரின் உடல் கிடைக்கவே இல்லை.

அன்றைய நேபாள அரசு இறந்தவரின் குடும்பங்களுக்கு முதலில் அறிவித்த உதவித்தொகை 40,000 நேபாள ரூபாய். ஏறத்தாழ 400 டாலர். அதே பருவத்தில் அம்மலையில் ஏறுவதற்கான அரசு உரிமத்திற்குக் குழுவாக வந்தவர்கள் தலைக்கு 10,000 டாலர் செலுத்தியிருந்தனர். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்த ஷெர்பாக்கள் உதவித்தொகையை ஏற்க மறுத்தனர். மேலே ஏறவும் மறுத்தனர். தென்புறத்தில் அவ்வாண்டின் மலையேற்றம் ஏறத்தாழ முற்றாக நின்றது. அதன் பின்னரே காப்பீட்டுத் தொகை 10 இலட்சம் நேபாள ரூபாயிலிருந்து 15 இலட்சமாக உயர்ந்தது. உழைப்பாளர் வேலையை நிறுத்திய பிறகே அவர்களின் உயிருக்கு விலை கூடிற்று என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறோம்.

தொலைநிலப் பயணம் இன்று பெருந்தொழில். ஆசியாவின் உயர்மலைகளும் பாலைகளும் அடர்காடுகளும் ஒரு காலத்தில் வணிகரும் துறவியரும் மட்டுமே நடந்த தடங்கள். இன்று விடுமுறையும் வங்கிக் கடனும் வாய்த்த எவரும் அங்குச் செல்ல முடிகிறது. இதில் நமக்கு மகிழ்ச்சியே. தன் ஊரைத் தாண்டிய உலகைக் காலால் நடந்து கண்டவனுக்கு மனம் விரியும். ஆனால் அந்தப் பயணத்தின் இடர் யார் தலையில் ஏறுகிறது, அதன் வருவாய் யார் கைக்குப் போகிறது என்னும் இரண்டு கேள்விகள் நூறாண்டுகளாகியும் நேர்மையான விடையின்றி நிற்கின்றன.

எவரெஸ்ட்டில் மாண்டவர்களுக்கேனும் செய்தித்தாளில் இடம் கிடைத்தது. தாழ்ந்த மலைவழிகளில் சுமை தூக்குவோருக்கு அதுவும் இல்லை. நேபாளத்துச் சுமையாளர் எல்லோரும் ஷெர்பாக்கள் என்று வெளியார் எண்ணுகின்றனர். உண்மையில் பெரும்பாலோர் ராய், தமாங், மகர் முதலிய இனங்களைச் சேர்ந்த நடுமலை உழவர்கள். அறுவடை முடிந்த மாதங்களில் கூலிக்கு வருவோர். பயணியைப் போலவே அவர்களும் தாழ்நிலத்திலிருந்து மேலேறுகிறவர்கள். காற்று மெலிந்த இடத்தில் தலைநோவும் குமட்டலும் மூச்சுத்திணறலும் அவர்களையும் தாக்குகின்றன.

அவர்கள் சுமக்கும் முறையை ஒருமுறை உற்றுப் பார்த்தவர் மறக்க மாட்டார். மூங்கிலால் முடைந்த தோக்கோ என்னும் கூடை முதுகில் இருக்கும். அதன் எடை தோளில் இறங்குவதில்லை. நாம்லோ எனப்படும் பட்டை வழியாக நெற்றியில் தாங்கும். கையில் குட்டையான ஒரு கோல். அதன் மேல்முனையில் குறுக்குக்கட்டை. இளைப்பாற வேண்டுமெனில் சுமையை இறக்குவதில்லை. இறக்கினால் மீண்டும் தூக்கிவிட ஆள் வேண்டும். நின்ற நிலையிலேயே கோலைப் பின்னால் கொடுத்து, கூடையின் அடியை அதன்மேல் நிறுத்தி, வாய்வழியே சீழ்க்கை போல் மூச்சை விடுகிறார்கள். சில நொடிகள். பிறகு மீண்டும் நடை. ஒருவர் 30 கிலோவுக்கு மேல் சுமக்கலாகாது என்னும் வரம்பைச் சுமையாளர் நலன் பேசும் அமைப்புகள் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகின்றன. மலைவழியில் எடை பார்க்கத் தராசு இருப்பதில்லை. பார்க்க விரும்புவோரும் குறைவு.

நோயுற்ற சுமையாளைக் கூலி கொடுத்துத் தனியே கீழே அனுப்பிவிடும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது கொலைக்கு ஒப்பானது என்றே நாம் சொல்வோம். உயரநோய் முற்றியவனுக்கு வழி தெரியாது, கால் நிலைக்காது, அறிவு மயங்கும். அவ்வாறு கைவிடப்பட்ட ஒருவரின் சாவுக்குப் பின்னரே, 1997ஆம் ஆண்டு பன்னாட்டுச் சுமையாளர் பாதுகாப்புக் குழு தோன்றியது. கோக்கியோ பள்ளத்தாக்கில் மச்செர்மோ என்னுமிடத்தில் அக்குழு சுமையாளருக்கென ஒரு தங்குமனையும் மருத்துவ நிலையமும் அமைத்தது. அதுவரை அவ்வழியில் பயணியர் விடுதிக்குள் உறங்கிய இரவுகளில் சுமையாளர் பலர் பாறைக்குடைவுகளில் ஒண்டிக்கிடந்தனர்.

இடர் சமமாகப் பகிரப்படும் நாளும் உண்டு. அது பேரிடர் நாள். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலை நம்மில் பலரும் நினைவு கூர்வர். அதன் எச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டு நாள் கழித்து நேபாளத்தின் அன்னபூர்ணா வழியிலுள்ள 5,416 மீட்டர் உயரத் தோரோங் கணவாயில் பெரும்பனியாகக் கொட்டியது. அப்பகுதியில் மாண்டவர் 40 பேருக்கும் மேல். அயல்நாட்டுப் பயணியரும் நேபாளத்து வழிகாட்டிகளும் சுமையாளரும் மேய்ப்பரும் ஒரே பனிக்குள் புதைந்தனர். வங்கக் கடலில் புயல் உருவானது உலகுக்கே தெரிந்திருந்தது. கணவாயின் அடிவாரத்து விடுதிகளில் அன்று காலை புறப்பட்டவருக்கு மட்டும் அது உரியவாறு சென்று சேரவில்லை. தொலைபேசிக் கோபுரமும் வானிலை அறிவிப்புப் பலகையும் அவ்வழிக்கு எட்டாத பொருள்கள் அல்ல. கணவாயைத் திறந்து கட்டணம் வாங்கத் தெரிந்த நிர்வாகத்திற்கு, புயல் வரும் நாளில் அதை மூடவும் தெரிந்திருக்க வேண்டும்.

தோரோங் கணவாயைக் கடந்து மேற்கே இறங்கினால் முக்திநாத். வைணவர் போற்றும் 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாகிய சாளக்கிராமம் இதுவே என்பதால், தமிழகத்து அடியார் ஆண்டுதோறும் திரளாகச் செல்கின்றனர். கோயிலின் பின்புறம் அரைவட்டமாக அமைந்த 108 நீர்த்தாரைகளில் நனைந்து, அருகே பாறையிடுக்கில் எரியும் தீயை வணங்கித் திரும்புகின்றனர். அத்தலம் திபெத்திய பௌத்தருக்கும் புனிதமானது. அங்கு வழிவழியாகப் பணிபுரிவோர் பௌத்தத் துறவுப் பெண்கள். நம் பக்தர்கள் எத்தனை பேர் இதை அறிந்து செல்கிறார்கள் என்பது ஐயமே. தம் திருத்தலத்தைப் பிற நெறியாரிடம் பூசலின்றிப் பகிர்ந்துகொண்டு வாழும் அம்மக்களின் பண்பு, நாம் கண்டு திரும்ப வேண்டிய காட்சிகளுள் ஒன்று.

முக்திநாத்துக்குக் கீழே உள்ள காக்பேனி ஊரிலிருந்து வடக்கே தொடங்குகிறது மேல் மஸ்தாங், பழைய லோ நாடு. செங்காவியும் வெள்ளையும் சாம்பலும் பட்டைபட்டையாகப் பூசிய சுவர்கள். தட்டையான மண்கூரைகளின் ஓரமெங்கும் அடுக்கிய விறகு. மதில் சூழ்ந்த லோ மந்தாங் நகரம். 1992 வரை அயலாருக்கு மூடிக்கிடந்த இந்நாட்டிற்குள் செல்ல, பின்னர் நெடுங்காலம் வழங்கிய கட்டணம் பத்து நாளுக்கு 500 டாலர். இந்தப் பெருந்தொகையில் நியாயமான பங்கு தங்கள் ஊர்களுக்குத் திரும்பவில்லை என்று மேல் மஸ்தாங் மக்கள் பல்லாண்டுகள் முறையிட்டனர். அவர்கள் முறையீட்டில் நியாயம் இருந்தது. பயணி காண வருவது அவர்களின் மதிலை, அவர்களின் மடத்தை, அவர்களின் திருவிழாவை. மழைமுறை மாறி ஊற்றுகள் வற்றியதால் சாம்சோங் போன்ற ஊர்கள் வாழ்ந்த இடத்தையே விட்டுப் பெயர நேர்ந்த நிலத்தில், காத்மாண்டுக் கருவூலம் மட்டும் நிறைவது எவ்வகை நீதி?

மாற்று வழி அதே மலைத்தொடரில் கண்ணெதிரே இருக்கிறது. 1986ஆம் ஆண்டு தொடங்கிய அன்னபூர்ணா பாதுகாப்புத் திட்டம், பயணியரிடம் பெறும் நுழைவுக் கட்டணத்தை அப்பகுதியிலேயே பாதை, பள்ளி, காடு காத்தல் ஆகியவற்றுக்குச் செலவிடும் ஏற்பாட்டை உண்டாக்கியது. லோ மந்தாங்கில் பதினைந்தாம் நூற்றாண்டு மடங்களின் சுவரோவியங்களைச் சீரமைத்தபோது, வெளிநாட்டு வல்லுநர் உள்ளூர் ஆண் பெண்களுக்கே பயிற்சி தந்து தூரிகையை அவர்கள் கையில் கொடுத்தனர். பூட்டான் இன்னும் துணிந்தது. 1974இல் கதவைத் திறந்த நாளிலிருந்தே வருவோர் தொகையை அடக்கி வைத்தது. அயல்நாட்டார் ஓர் இரவுக்குச் செலுத்தும் வளர்ச்சிக் கட்டணத்தை 2022இல் 200 டாலராக உயர்த்தி, அடுத்த ஆண்டே 100 டாலராகக் குறைத்தது. இந்தியருக்கு அது 1,200 ரூபாய். 6,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏறுவதை 1994இல் தடுத்து, 2003இல் மலையேற்றத்தையே முற்றும் நிறுத்திவிட்டது. அதனால் 7,570 மீட்டர் உயரக் காங்கர் புவென்சும் இன்றும் மனிதர் கால்படாத சிகரம். தெய்வம் உறையும் உச்சி என்று ஊரார் சொன்னார்கள். அரசு அதைச் சட்டமாக்கியது.

பூட்டானின் வழி செல்வருக்கே வாய்ப்பளிக்கும், எளிய பயணியை விலக்கும் என்பது பொருளற்ற குறை அன்று. ஆயினும் வீட்டுக்குள் யார் வரலாம், எத்தனை பேர் வரலாம் என்று முடிவு செய்யும் உரிமை வீட்டாருக்கே உரியது என்பதில் நமக்கு ஐயமில்லை. வருவோரை நிறுத்திவிட்டால் மலைமக்கள் பிழைப்பது எப்படி என்று கேட்போரும் உளர். நிறுத்தச் சொல்லவில்லை. பயணத்தால் விளைந்த நன்மை எவரெஸ்ட் அமைந்த கும்புப் பகுதியில் கண்கூடு. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹில்லரி 1961இல் கும்ஜூங்கில் பள்ளியும் 1966இல் குண்டேயில் மருத்துவமனையும் எழக் காரணமானார்; தம்மைச் சிகரத்தில் ஏற்றிய மக்களுக்குப் பட்ட கடனை அவர் அவ்வாறு தீர்க்க முயன்றார். அது ஒருவரின் நன்றியுணர்வு. நன்றியுணர்வு இல்லாத பயணியிடமும் அக்கடனை வசூலிப்பதற்குத்தான் சட்டம் வேண்டும்.

எவரெஸ்ட் உரிமக் கட்டணத்தை நேபாளம் 2025 செப்டம்பர் முதல் 15,000 டாலராக உயர்த்தியுள்ளது. உயர்ந்த தொகையில் ஒரு நிலையான பங்கை மலையில் மாண்டோர், முடமானோர் குடும்பங்களுக்கும் சுமையாளரின் மருத்துவத்திற்கும் சட்டத்தால் ஒதுக்குமாறு அந்நாட்டு அரசைக் கேட்டுக்கொள்கிறோம். மேல் மஸ்தாங் போன்ற தடைப்பகுதிகளில் வாங்கும் கட்டணத்தின் கணக்கு அவ்வவ்வூர்ச் சதுக்கத்தில் ஆண்டுதோறும் படிக்கப்படட்டும்.

நம் வாசகருக்கும் ஒரு சொல். முக்திநாத்துக்கு முதியோரை அழைத்துச் செல்லும் அமைப்பாளர் பலர், போக்கராவில் காலையில் வண்டியேற்றி மாலைக்குள் ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்திற்குக் கொண்டுபோய் விடுகின்றனர். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதிருப்பதே மருத்துவர் கூறும் முறை. இடையில் ஓர் இரவு தங்காத பயணத்திட்டத்தை மறுத்துவிடுங்கள். லடாக்கோ ஸ்பித்தியோ அன்னபூர்ணாவோ, நடைப்பயணத்திற்குப் பணம் கட்டும் இளைஞர்கள் கட்டும் முன் அமைப்பாளரிடம் இவற்றைக் கேளுங்கள்: எங்கள் சுமையைத் தூக்குவோருக்குக் காப்பீடு உண்டா? ஒருவர் தலையில் எத்தனை கிலோ? குளிருக்கு உடையும் காலணியும் தருகிறீர்களா? அவர்கள் எங்கே உறங்குவார்கள்? நோயுற்றால் துணையோடு இறக்குவீர்களா? விடை எழுத்தில் வரவில்லையெனில் வேறு அமைப்பாளரை நாடுங்கள்.