மறைநூலில் விளையாடலாமா?

சென்ற ஆண்டு எங்கள் பங்கின் மறைக்கல்வி ஆண்டு விழாவில், ஊதாரி மைந்தன் உவமையைச் சிறுவர்களைக் கொண்டு நடிக்கச் செய்யும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. வசனம் எழுதித் தரவில்லை. கதையை இருமுறை வாசித்துக் காட்டி, "இனி நீங்களே ஆடிப் பாருங்கள்" என்று விட்டுவிட்டேன். மூத்த மகனாக நடித்தவன் ஏழாம் வகுப்புச் சிறுவன். தந்தை வெளியே வந்து அழைத்தார், கெஞ்சினார், கையைப் பிடித்து இழுத்தார். அவன் அசையவில்லை. உள்ளே மேளம் முழங்க, மண்வெட்டியைத் தோளில் சாய்த்தபடி வெளியிலேயே நின்றான். திரை விழுந்தது.

மறுநாள் பங்குப் பெரியவர்கள் மூவர் என்னை அழைத்துக் கடிந்துகொண்டனர். "வேதத்தில் விளையாடலாமா? மூத்தவன் மனந்திருந்தி விருந்துக்குப் போனதைக் காட்டாமல் விட்டது பிழையல்லவா?" என்றனர். லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தை எடுத்து அவர்கள் முன் வைத்தேன். தந்தையின் பேச்சோடு உவமை முடிந்துவிடுகிறது. மூத்தவன் உள்ளே சென்றானா என்பதை இயேசு சொல்லவே இல்லை. அம்மூவருள் ஒருவர் ஞாயிறுதோறும் பீடத்தருகில் நின்று வாசிப்பவர். இல்லாத முடிவு ஒன்றை இத்தனை ஆண்டுகளாக இருப்பதாகவே அவர் எண்ணி வந்திருக்கிறார். விளையாடிய சிறுவனோ உள்ளதை உள்ளபடி வாசித்திருக்கிறான்! ஆயினும் முடிவு மாறவில்லை. இனி எந்த நாடகமானாலும் வசனம் முன்னரே எழுதப்பட்டு, குழுவின் ஒப்புதல் பெற்று, ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்பிக்கப்பட வேண்டுமாம். அந்த முடிவை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

நம் மொழியிலேயே ஒரு முரண் இருக்கிறது. கூத்தையும் 'ஆடினார்கள்' என்கிறோம், நாடகத்தையும் 'ஆடினார்கள்' என்கிறோம். அதே வாயால், ஒருவன் பொய்யாக நடந்துகொண்டால் 'நாடகமாடுகிறான்' என்று பழிக்கிறோம். பொருளற்றுப் பேசினால் 'விளையாட்டாகச் சொன்னேன்' என்று மழுப்புகிறோம். விளையாட்டு என்றால் பொறுப்பின்மை என்ற எண்ணம் நமக்குள் அவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது. திருச்சபையின் மரபு இவ்வாறு எண்ணியதில்லை. நீதிமொழிகள் 8ஆம் அதிகாரத்தில் ஞானம் கடவுளின் திருமுன் மகிழ்ந்தாடுகிறது. இலத்தீன் விவிலியம் அவ்விடத்தில் 'விளையாடி' என்றே மொழிபெயர்த்தது. புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் விளையாட்டுக்கெனத் தனிக் கேள்விகளை ஒதுக்கி, அதில் ஒரு நற்பண்பு உண்டு என்று நிறுவுகிறார். நடிகரின் தொழில் தன்னளவில் தவறன்று என்றும் அங்கேயே கூறுகிறார். நற்செய்தியாளர் யோவான் தம் சீடர்களோடு விளையாடியதைக் கண்டு சிலர் இடறல்பட்டதாகவும், இடைவிடாது வளைக்கப்படும் வில் முறிந்துவிடும் என்று அவர் விடை தந்ததாகவும் ஒரு பழங்கதையையும் எடுத்துக் காட்டுகிறார். இடறல்படும் பெரியவர்கள் அக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள் போலும்! 1918ஆம் ஆண்டு ரொமானோ குவார்தினி என்ற இறையியலார் திருவழிபாட்டையே கடவுள் முன் ஆடப்படும் விளையாட்டாக விளக்கினார்.

நாடகமும் திருச்சபைக்கு வெளியிலிருந்து வந்த விருந்தாளி அன்று. பத்தாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மடங்களில் உயிர்ப்புப் பெருவிழாக் காலையில், வெண்ணுடை அணிந்த துறவி ஒருவர் கல்லறையருகே வானதூதராக அமர்வார். வேறு மூவர் பெண்களாக வருவர். எவரைத் தேடுகிறீர்கள் என்று அவர் கேட்பார். இங்கிலாந்தின் வின்செஸ்டர் ஆயர் எத்தல்வோல்டு அதற்கான ஒழுங்குமுறையையே எழுதி வைத்துள்ளார். அந்த நாடகத்தின் முதல் சொல்லே ஒரு கேள்வி என்பதை நம் குழுவினர் கவனிக்க வேண்டும். பின்னர் இயேசு சபையினர் தம் பள்ளிகளில் நாடகத்தைக் கல்வியின் பகுதியாகவே வைத்தனர். 1599இன் கல்வி விதித் தொகுப்பு நாடகங்கள் இலத்தீனில் அமையவேண்டும், பொருள் தூயதாக இருக்கவேண்டும் என்று கட்டுப்படுத்தியதே தவிர, அவற்றை ஒழிக்கவில்லை. கோர்னேய், மோலியேர், கால்தெரோன் ஆகிய மூவரும் அப்பள்ளிகளில் படித்தவர்களே.

"ஆனால் திருப்பாடுகளின் நாடகம் வேறு; அதில் கைவைக்கலாகாது" என்பார்கள். அப்படியானால், கைவைக்காமல் காக்கப்பட்ட திருப்பாடுகளின் நாடகம் ஒன்றுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம்.

செருமனியின் பவேரியா நாட்டு மலைச்சரிவில் ஓபரமர்காவ் என்ற சிற்றூர் உள்ளது. 1633இல் கொள்ளைநோய் வந்தபோது, ஊர் பிழைத்தால் பத்தாண்டுக்கு ஒருமுறை ஆண்டவரின் பாடுகளை நடிப்பதாக ஊரார் நேர்ந்துகொண்டனர். 1634இல் முதல் நாடகம் நடந்தது. அவ்வூரில் பிறந்தவர்களோ இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர்களோதாம் நடிக்கலாம்; நடிப்போர் முந்தைய ஆண்டுச் சாம்பல் புதன் முதல் முடியும் தாடியும் வளர்க்கவேண்டும். இவ்வளவு பக்தி! ஆனால் அந்நாடகத்தில் யூதர்கள் பேராசைக்காரராகவும் கொலைவெறியராகவும் காட்டப்பட்டனர். மத்தேயு 27ஆம் அதிகாரத்தில் கூட்டம் எழுப்பும் இரத்தப்பழிக் குரல் ஒட்டுமொத்த இனத்தின் சாபமாக முழங்கியது. முந்நூறாம் ஆண்டு விழாவாகிய 1934இல் பார்வையாளர் வரிசையில் வந்து அமர்ந்தவன் இட்லர். யூதரைப் பற்றிய எச்சரிக்கையாக அந்நாடகம் போற்றப்பட வேண்டியது என்று பின்னர் அவன் புகழ்ந்ததும் பதிவாகியுள்ளது. அவன் ஒரு வசனத்தையும் மாற்றவில்லை. மாற்றவேண்டிய தேவையே அவனுக்கு இருக்கவில்லை.

1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்தவமல்லாத சமயங்களைப் பற்றிய அறிக்கையில், இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த யூதர் எல்லார் மீதும் இன்றைய யூதர் மீதும் சுமத்தலாகாது என்று தெளிவுபடுத்தியது. ஐந்தாண்டுகள் கழித்து, 1970இல், ஓபரமர்காவ் பெரும்பாலும் பழைய நாடகத்தையே ஆடியது. மரபாம்! கண்டனங்கள் எழுந்தன. 1990இல் கிறிஸ்தியான் ஸ்டூக்கல் என்ற இளைஞர் இயக்கத்தை ஏற்ற பிறகே மாற்றம் விரைந்தது. மணமான பெண்களும் முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களும் நடிக்கக் கூடாதென்ற பழைய தடையும் நீதிமன்றத்தின் துணையால் அவ்வாண்டே விழுந்தது. 2000இல் இரத்தப்பழிக் குரல் நீக்கப்பட்டது. 2010இல் இயேசுவும் சீடர்களும் எபிரேய மொழியில் இறைவேண்டல் பாடினர். பெருந்தொற்றால் 2020இலிருந்து தள்ளிப்போய் 2022இல் நடந்த நாடகத்தில், யூதாசாக நடித்தவர்களுள் ஒருவர் அவ்வூர் இசுலாமிய இளைஞர். நேர்ச்சை அறுந்துவிட்டதா? இல்லை, இன்றும் அதே ஊரார், அதே மேடையில்தான் ஆடுகிறார்கள்.

மாற்றியவர்கள் நற்செய்தியை மாற்றவில்லை. நற்செய்தியின்மேல் படிந்திருந்த ஒரு பழைய பொருள்விளக்கத்தை இறக்கி வைத்தார்கள். இங்கேதான் நம் பெரியவர்கள் தடுமாறுகிறார்கள். 'அப்படியே ஆடுவது' என்று ஒன்று இல்லவே இல்லை. பிலாத்துக்கு எந்தக் குரல் தருகிறோம், யூதாசுக்கு ஏன் கறுப்பு அங்கி, கூட்டத்தில் எவரை முன்னே நிறுத்துகிறோம் என்பவை அனைத்தும் விளக்கங்களே. தன் விளக்கத்தை விளக்கமென்று அறியாதவனே அதை மறைநூலென்று எண்ணிக்கொள்கிறான்.

எனினும் எதிர்த்தரப்பில் ஓர் உண்மை உண்டு, மறுக்கமாட்டேன். எல்லா விளையாட்டும் நல்விளையாட்டன்று. கைதட்டலுக்காகச் சேவகர்களைக் கோமாளிகளாக்குவதையும், திரைப்பட மெட்டில் மகதலா மரியாவை ஆடவிடுவதையும் நான் கண்டு முகம் சுளித்திருக்கிறேன். ஆனால் அங்கே குறைந்து போனது விளையாட்டேயன்றி மிகுந்து போனதன்று. விளையாட்டுக்கு விதி உண்டு, கவனம் உண்டு. கபடி ஆடும் சிறுவனிடம் கேளுங்கள், கோட்டைத் தொட்டானா இல்லையா என்பதற்காகச் சண்டையிடுவான். என் சிறுவன் மண்வெட்டியோடு நின்றதும் அப்படிப்பட்ட ஒரு கோட்டின் மேல்தான்.

கல்வியைப் பற்றியும் ஒரு சொல். விவிலிய வினாடி வினாவில் நம் பிள்ளைகள் அதிகாரங்களின் எண்ணிக்கையை நொடியில் கூறுகிறார்கள். பரிசுக் கோப்பைகள் பங்கு அலுவலகத்தில் இடமின்றி நிற்கின்றன. பேதுரு ஏன் அழுதார் என்று கேட்டால் மௌனம்.

பாஸ்கா நாடகத்துக்கு வருவோம். பல ஊர்களில் இன்று வசனங்களை நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்துவிடுகிறார்கள். மேடையில் இருப்போர் வாயசைக்கிறார்கள். ஓரிடத்தில் மின்சாரம் நின்றது. சிலுவையில் தொங்கியவர் வாய் திறந்தபடி இருந்தார்; பேச்சு வரவில்லை. அவருக்கு அந்தச் சொற்கள் தெரிந்திருக்கவும் இல்லை. மின்னாக்கி வரும்வரை ஊர் முழுதும் இருளில் காத்திருந்தது. பிழையற்ற வசனம், குழுவின் ஒப்புதல் பெற்ற வசனம்!

வரும் தவக்காலத்துக்கு எங்கள் பங்கிலும் அவ்வாறே ஒலிப்பதிவு செய்ய முன்பணம் கொடுக்க வேண்டுமென்று பங்குப்பேரவையில் தீர்மானம் வரவிருக்கிறது. நான் அதை எதிர்த்துக் கையுயர்த்துவேன். அந்தப் பணத்தில் பாதியைக் கொடுத்தால் போதும். அந்த ஏழாம் வகுப்புச் சிறுவனையும் அவன் தோழர்களையும் நாற்பது மாலைகள் கோவில் திண்ணையில் உட்கார வைத்து, நான்கு நற்செய்திகளையும் வாசித்து, யூதாசு யார் என்று அவர்களையே ஆடிப் பார்க்கச் சொல்வேன்.