துண்டும் பந்தும்

‘கூலிக்கு மாரடிப்பவன்’ என்னும் வசையை உதைபந்தாட்டக்காரன் மீது வீசுவது நமது படித்த வட்டாரங்களில் வழக்கமாகிவிட்டது. கழகத்துக்குக் கழகம், நாட்டுக்கு நாடு மாறுபவனுக்குப் பற்றேது, விசுவாசமேது என்பர். தெல்தெனியவின் ஆசிரியர் அறைகளிலும் இப்பேச்சைக் கேட்கிறோம். இடமாற்றக் கடிதம் ஒன்றுக்காக ஆண்டு முழுவதும் படியேறி இறங்கும் ஆசிரிய வர்க்கம் இதைச் சொல்வதுதான் வேடிக்கை!

மத்தேய் பொப்லாட்னிக் என்னும் முன்கள ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். சுமார் இருபது இலட்சம் மக்களே வாழும் ஸ்லோவேனியாவில், கிரான் நகரின் திரிக்லாவ் கழகத்துக்கு ஆடியவர். 2018இல் கொச்சிக்கு வந்து கேரளா பிளாஸ்டர்ஸ் அணியிற் சேர்ந்தார். அவ்வாண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி, கொல்கத்தாவில் நடந்த பருவத்தின் முதலாட்டத்தில் கேரளா 2-0 என வென்றபோது, முதற்கோல் அவருடையது. அடுத்த ஆண்டே ஹங்கேரி, அதன்பின் ஸ்கொட்லாந்து. விற்பதற்குக் கால்களன்றி வேறெதுவுமில்லாத தொழிலாளி, சந்தை இருக்குமிடம் நோக்கிச் சென்ற பயணம் இது.

கோடி கோடியாக வாங்குபவன் தொழிலாளியா என்று நண்பர்கள் இடைமறிப்பர். கோடி வாங்குவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். ஏனையோர் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்தில் வாழ்பவர். முப்பத்தைந்து வயதில் முதியவர்.

விசுவாசம் என்ற சொல்லின் உட்பொருளை அறிய வேண்டுமாயின் ஷோன் மார்க் பொஸ்மன் என்னும் பெல்ஜிய ஆட்டக்காரரின் வழக்கைப் பார்க்க வேண்டும். 1990இல் லியேஜ் கழகத்துடனான அவரது ஒப்பந்தம் முடிந்துவிட்டது. எனினும் பிரெஞ்சுக் கழகமொன்று அவரை ஏற்பதற்கு லியேஜ் விலை கேட்டது! பேரம் முறிந்தது. ஐந்தாண்டுகள் வழக்காடி, 1995 டிசெம்பர் 15ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றத்தில் அவர் வென்றார். ஒப்பந்தம் முடிந்தவனை விலைபேசாது விடவேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சட்டமாயிற்று. ஆனால், அதற்குள் அவரது ஆட்டக்காலம் கழிந்துவிட்டது.

இக்கதை மலையகத்தாருக்குப் புதிதன்று. தோட்டந்தோறும் ‘துண்டு’ என்றொரு சீட்டு வழங்கியதை நமது பாட்டனார் அறிவர். தொழிலாளி வேறு தோட்டம் செல்வதாயின், அவன்மீது சுமத்தப்பட்ட கடன்தொகை அதிலே பொறிக்கப்பட்டிருக்கும். புதிய துரை அதைக் கட்டினால்தான் விடுதலை. 1921இல் சட்டம் அம்முறையை ஒழித்தது. கடன் என்றார்கள் அங்கே, மாற்றுக் கட்டணம் என்றார்கள் இங்கே. இரண்டும் மனிதனுக்கு ஒட்டிய விலைச்சீட்டே. துண்டைக் கிழித்தவனை நன்றிகெட்டவன் என்று துரைமார் ஏசியிருக்கலாம். அவ்வேச்சைத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் இரவல் வாங்கிப் பேசுவதேன்?

பழைய தெல்தெனிய நகரமே விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிற் கிடக்கிறது. மேட்டுக்குப் பெயர்ந்தோரை யாரும் துரோகிகள் என்றதில்லை.

நமது நாட்டின் பக்கீர் அலி 1980களில் டாக்காவின் அபஹானி கழகத்துக்கு ஆடி, அந்நகர் ரசிகர்களின் அன்பைப் பெற்றார்; பின்னாளில் இலங்கைத் தேசிய அணியின் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். கூலிக்கு ஆடியது எந்தப் பற்றைக் கெடுத்தது?

2023 ஜனவரியில் பீபா, இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. நிர்வாகத்தின் சீர்கேட்டுக்காக ஏழு மாதங்கள் பன்னாட்டுக் களத்தை இழந்தவன் ஆட்டக்காரன். விசுவாசம் பேசும் நண்பர்கள் அப்போது எங்கிருந்தனர்?