இலத்தியைப் பார்த்து மருந்து கொடுப்போம்

ஜொகூர் பாருவின் போலோ குதிரைகளைக் கண்டு வியக்கும் நாம், அவற்றின் குடற்புழுக்களைப் பற்றிச் சிந்திப்பதில்லை. எல்லாக் குதிரைகளுக்கும் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுப்பது உலகெங்கும் குதிரை வளர்ப்போரின் பழைய வழக்கம். அதைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

வளர்ந்த குதிரைகளில் பெரும்பாலானவை புழுக்களைத் தாமே கட்டுக்குள் வைக்கின்றன. ஒரு கூட்டத்தில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக் குதிரைகளே 80 விழுக்காட்டுப் புழு முட்டைகளை வெளியேற்றுகின்றன. அனைத்துக்கும் மருந்து கொடுத்தால், மருந்துக்குச் சாகாத புழுக்களே எஞ்சிப் பெருகும். பென்சிமிடசோல் வகை மருந்துகள் பல நாடுகளில் இப்படித்தான் பயனற்றுப் போயின. 1981-இல் சந்தைக்கு வந்த ஐவர்மெக்டினின் வலிமையும் குறைந்து வருகிறது. டென்மார்க்கில் 1999 முதல் மருத்துவர் சீட்டின்றி இம்மருந்துகள் கிடைப்பதில்லை.

நம் ஜொகூரின் வெப்பமும் மழையும் முட்டைகள் விரைவில் பொரிக்க ஏற்றவை. எனவே இலத்தியைச் சோதித்து, முட்டை மிகுந்த குதிரைக்கு மட்டும் மருந்து கொடுப்போம். மேய்ச்சல் நிலத்து இலத்தியை வாரம் இருமுறை அள்ளுவோம். எதிர்ப்புச் சக்தி முழுமையாக வளராத குட்டிகளைத் தனியே கவனிப்போம். இன்று மருந்தை வீணடித்தால், நாளை அக்குட்டிகளைக் காக்க நம் கையில் எதுவும் இராது.