இரண்டேகால் கோடி ரூபாய் ஆட்டக்காரர்!

ஒரு கபடி வீரரின் விலை ரூ.2 கோடியே 26 லட்சம்! 2022 ஏலத்தில் பவன் செராவத்துக்குத் தமிழ் தலைவாஸ் அணி கொடுத்த தொகை இது. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி. அந்தத் தொடரில் பிறகு அவர் ஆடவே இல்லை.

அணி கவிழ்ந்ததா? இல்லை! இளைஞர்கள் தோள் கொடுத்தார்கள். தலைவாஸ் முதன்முறையாக அரை இறுதிக்குப் போனது.

கால்பந்திலும் இதே கதைதான். 2017-ல் பாரிஸ் அணி நெய்மாரை 22 கோடியே 20 லட்சம் யூரோ கொடுத்து வாங்கியது. ஐரோப்பிய சாம்பியன் பட்டம் வந்தது 2025-ல். அவர் போய் இரண்டு ஆண்டு கழித்து!

மன்னார்குடி அருகே வடுவூர் கபடிக்குப் பேர் போன ஊர். 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் தங்கம் வென்ற இந்திய அணியில் வடுவூர் இளைஞர் ஒருவரும் இருந்தார். ஏலத்தில் கோடிகளைக் கொட்டுகிறவர்கள், தஞ்சை வட்டாரத்து ஊர்களுக்கு ஆளுக்கொரு பயிற்சியாளரையாவது அனுப்பக் கூடாதா?