பத்து நாளில் தீரும் பங்கு

போன மாசம் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி வந்து கிணத்துமேட்டில் உட்கார்ந்தார். அவர் கிணற்றுத் தண்ணீரைச் சாயப்பட்டறைக்குக் கேட்டு ஒருத்தர் வந்திருக்கிறார். தினம் பத்து லோடு, மாசம் பிறந்தால் பணம். "நீங்க பேங்க்ல இருந்தவருங்ணா, அக்ரிமென்ட்டப் படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

படித்தேன். எழுத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் "வேண்டாம் தம்பி" என்றேன். "மாசம் பொறந்தா பென்ஷன் வாங்கறவங்க நீங்க. உங்களுக்குச் சொல்றது சுலபமுங்ணா" என்றார்.

நியாயமான பேச்சு. அதனால் முதலில் என் பங்குக்கு நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1990-களில் திருப்பூர்ப் பக்கம் ஒரு கிளையில் விவசாயக் கடன் பார்த்தேன். பனியன் ஏற்றுமதி ஓஹோவென்று இருந்த காலம். சாயம் ஏற்ற உப்பில்லாத தண்ணீர் வேண்டும். சுற்றுவட்டாரக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகப் போனது. கிணறு ஆழப்படுத்தக் கடன் கேட்டு வருவார்கள். தண்ணீர் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். தவணை தவறாது என்பதும் தெரியும். கையெழுத்துப் போட்டேன். தவணையும் தவறவில்லை. சில வருசத்தில் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் கிணறு வற்றிவிட்டது, போர் போடக் கடன் வேண்டும் என்றார்கள். ஒரு குடம் தண்ணீர்கூட விற்காத அவர்களின் கணக்குத்தான் கடைசியில் வாராக்கடன் ஆனது.

விற்ற தண்ணீர் சாயத்தோடு நொய்யலுக்குத் திரும்பி வந்தது. பாசனத்துக்கென்று 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும் போனது.

இப்போது தம்பியின் கணக்குக்கு வருவோம். அவருக்கு ஐந்து ஏக்கர். நம்ம பக்கம் வருசத்துக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழை. அப்படியென்றால் ஒரு ஏக்கரில் விழுவது சுமார் 24 லட்சம் லிட்டர். நம்முடைய பாறை நிலத்தில் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்குகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஏக்கருக்கு 12 லட்சம் லிட்டர். லாரி ஒன்றுக்கு 12,000 லிட்டர் என்றால் மொத்தம் 100 லோடு. தினம் பத்து லோடு போனால் அவர் நிலத்து மழையின் பங்கு பத்தே நாளில் தீர்ந்துவிடும். மீதி 355 நாள் லாரியில் ஏறுவது யார் தண்ணீர்?

பேங்கில் கூட்டுக் கணக்கு உண்டு. இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். நிலத்தடி நீர் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், இந்தக் கணக்கில் நூறு பேர் இருக்கிறார்கள், பாஸ்புக் யாரிடமும் இல்லை.

'வெள்ளாமைக்கும் அதே கிணற்றில்தானே இறைக்கிறோம்?' என்பீர்கள். உண்மைதான், அளவு மீறினால் அதுவும் தப்புத்தான். ஆனால் காட்டில் பாய்ச்சியதில் ஒரு பங்கு மண்ணுக்குள் திரும்ப இறங்கும். மூடாக்குப் போட்டால் பாய்ச்சலையும் குறைக்கலாம். கோடையில் தண்ணீர் இறங்கினால் நாமே பயிரைக் குறைத்துக்கொள்வோம். லாரிக்குக் கோடை, ஐப்பசி என்ற வித்தியாசம் கிடையாது.

சட்டத்தை நம்பிப் பயனில்லை. தன் நிலத்தடி நீரை எடுக்க நில உரிமையாளருக்கு உரிமை உண்டென்று 1882-ம் வருச ஈஸ்மென்ட் சட்டம் சொல்கிறது. தமிழ்நாடு 2003-ல் கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013-ல் ரத்தானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். அப்படிப்பட்ட போராட்டங்களால்தான் இன்று நமக்கு இலவச மின்சாரம். அதை வைத்துப் பட்டறைக்கு இறைத்துக் கொடுத்தால், நாளைக்கு மீட்டர் மாட்ட வருகிறவர்களிடம் எந்த முகத்தோடு பேசுவோம்?

ஊருக்குக் குடிதண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடிநீருக்குத்தான் முதல் உரிமை. அதை அரசு எல்லோரிடமும் கேட்டு, அளந்து, திட்டம் போட்டு எடுக்கட்டும். தொழிலும் வேண்டும். ஆனால் 2011-க்குப் பிறகு அதே திருப்பூரில் சாய நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். நெருக்கினால் முடிகிறது. நம் கிணறு மலிவாகக் கிடைக்கிறவரை யார் நெருக்குவார்கள்?

தம்பி கேட்டதில் பாதிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தக்காளி கிலோ ஐந்து ரூபாய்க்குப் போகிற நாளில் லாரிக்காரன் பணம் பெரிதாகத்தான் தெரியும். "விற்காதே" என்று சொல்கிற நாம், அவர் விளைச்சலுக்கு விலை கிடைக்கவும் வழி பண்ண வேண்டும். எங்கள் குழுவின் வாரச் சந்தையில் அவருக்கு ஒரு இடம் கேட்டிருக்கிறேன். அக்ரிமென்ட்டில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

உங்கள் ஊரிலும் லாரி வந்திருக்கும், அல்லது வரும். அடுத்த கிராமசபையில் இரண்டு தீர்மானம் கொண்டுவாருங்கள். கிணறுகளின் நீர்மட்டத்தை மாசாமாசம் அளந்து பலகையில் எழுத வேண்டும். ஊரைக் கேட்காமல் தண்ணீர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தீர்மானம் போட்டால் லாரி நின்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நூறு பேர் கணக்குக்கு ஒரு பாஸ்புக்காவது கிடைக்கும்.